டாக்டரிடம் கேளுங்கள்: கொசுவலைக்குள் மாமனார், ரத்தான குய்லின்

வாசகியின் கடிதம் (சுருக்கியது):

வணக்கம் டாக்டர். சீனாவில் குவாங்டொங் மாகாணம், ஃபோஷான் நகரத்தில் ஷுண்டே என்ற பகுதியில் ஐந்து வருடமாக இருக்கிறோம். கணவருக்கு ஏற்றுமதி கம்பெனியில் வேலை. பெண்ணுக்கு ஏழு வயது. அவளுக்குக் கோடை விடுமுறை என்பதால் ஈரோட்டிலிருந்து மாமனாரையும் (68, சர்க்கரை உண்டு) மாமியாரையும் (63) நான்தான் விடாப்பிடியாக வரச்சொன்னேன். 2025 ஜூலை 10 வந்தார்கள். ஆகஸ்ட் 28 திரும்ப டிக்கெட். நடுவில் குய்லின் படகுப் பயணம், பெய்ஜிங், பெருஞ்சுவர் என்று திட்டம்.

அவர்கள் வந்து ஒரு வாரத்தில் இங்கே சிக்குன்குனியா என்று ஒரே பேச்சு. குடியிருப்போர் குழுவிலிருந்து ஆட்கள் வந்து, பால்கனியில் இருந்த என் கறிவேப்பிலைச் செடியின் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் 11 ராத்திரி மாமாவுக்குக் காய்ச்சல், மணிக்கட்டு மடங்கவில்லை. "சொன்னா பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்க, வாயைத் திறக்காதே" என்று சொல்லி, ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரையை அத்தையே கொடுத்துவிட்டார். அன்று இரவே உங்களிடம் எழுதிக் கேட்டேன். நீங்கள் அன்றைக்குப் போட்ட பதிலைப் பார்த்துத்தான் மருத்துவமனைக்குப் போனோம். சிக்குன்குனியா உறுதியாகிவிட்டது. இப்போது ஐந்தாம் நாள், வலை கட்டிய கட்டிலில் படுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. "கஞ்சி நம்ம ஊர்க் கஞ்சி மாதிரியே இருக்கு, உப்புதான் இல்லை" என்கிறார்.

ஆனால் அத்தை அழுகையை நிறுத்தவில்லை. 2006-ல் அவருக்கு வந்து, அன்றிலிருந்து முட்டிவலியாம். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டேன் என்று அறையைவிட்டு வருவதில்லை. கொழுந்தன் காலையில் "உடனே கிளம்பி வாங்க" என்றார், சாயங்காலம் "இப்போதைக்கு வராதீங்க" என்றார். ஓரகத்திக்கு ஒன்பதாம் மாதம். ஆகஸ்ட் 31 வளைகாப்பு. இவர்கள் போனால் அவளுக்கும் குழந்தைக்கும் ஆபத்தா? பயணத்தையெல்லாம் ரத்து செய்துவிடவா? எல்லாம் என்னால் வந்ததுதானே?

பின்குறிப்பு: அத்தை கேட்கச் சொன்னார். மாமா கோழிக்கறி சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அன்று இரவு நான் எழுதியது மூன்றே விஷயம். டைக்ளோஃபெனாக் கலந்த அந்த மாத்திரையை நிறுத்துங்கள், வெறும் பாராசிட்டமால் கொடுங்கள், விடிந்ததும் மருத்துவமனைக்குப் போங்கள். மாமியார் பேச்சை மீறித் தெரியாத மொழிக்காரர்களிடம் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போவது லேசான காரியமில்லை. அதைச் செய்தீர்கள்.

மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சிக்குன்குனியாவைக் கொண்டுவருகிற அதே ஏடிஸ் கொசுதான் டெங்குவையும் கொண்டுவருகிறது. முதல் இரண்டு நாள் காய்ச்சலையும் உடம்புவலியையும் பார்த்து இது எது என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் மாகாணம் டெங்குவுக்குப் புதிதுமில்லை. 2014-ல் குவாங்டொங்கில் 45,000 பேருக்கு மேல் வந்தது. டெங்குவாக இருந்து டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றைக் கொடுத்தால் ரத்தக்கசிவு வரை போகலாம். சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகக் கவலை வேறு. நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் "வலி மாத்திரை"யின் அட்டையைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று பாராசிட்டமாலோடு சேர்ந்து இருக்கும். டெங்கு இல்லை, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று அங்குள்ள டாக்டர் சொன்ன பிறகு, மூட்டு வலிக்கு அவரே எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை.

சரி, வலைக்கு வருவோம்.

மாமியார் "உள்ளே போட்டுடுவாங்க" என்று பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. கோவிட் காலத்துச் சீனாவை எல்லோரும் டிவியில் பார்த்தோம். சீல் வைத்த கட்டடங்கள், முழு உடை போட்ட ஆட்கள். இப்போதும் அந்தப் பழைய கை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஃபோஷானிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லி, பிறகு கைவிட்டார்கள். கைவிட்டதற்குக் காரணம், இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற நோயே இல்லை. தும்மினால் வராது, தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. நடுவில் ஒரு கொசு வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் கடிக்கிற கொசு அதை உறிஞ்சிக்கொண்டு, சில நாள் கழித்து அடுத்த ஆளுக்கு ஏற்றும். அங்கே நோயாளியை வலைக்குள் வைக்க, ஒரு வாரம் அல்லது பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வரும்வரை என்று கணக்கு வைத்திருப்பதன் பின்னால் இருப்பது இதுதான். உங்கள் மாமனாரிடமிருந்து உங்களைப் பிரிக்க அந்த வலை கட்டப்படவில்லை. கொசுவின் கண்ணில் அவர் படாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள். வலைக்கு வெளியே உட்கார்ந்து பேரப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம், மருத்துவமனை அனுமதித்தால். இதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலை மறைப்பதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானும் மறைத்திருக்கிறேன். 2006 கடைசியில் மாலத்தீவில் ஒரு சிறிய தீவின் சுகாதார நிலையத்தில் ஒப்பந்த டாக்டராக இருந்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபது நிமிட நடை. சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் பாதித் தொட்டிக்கு மூடி சரியாக இல்லை. அந்த டிசம்பரில் மாலத்தீவில் முதல்முறையாகச் சிக்குன்குனியா இறங்கியது. மீன் ஏற்றுகிற ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் போட்டு, அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். கிளம்ப நான்கு நாள் இருக்கையில் எனக்கே குளிர் எடுத்தது. சொன்னால் படகில் ஏற்றமாட்டார்கள் என்று இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வலையும் இல்லாமல், இரண்டு நாள் வெளிநோயாளிகளைப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்ட விரல் மடங்கவில்லை. டிக்கெட் போனது. அடுத்த வாரம் பக்கத்து அறைச் செவிலியர் படுத்தார், அவர் கேரளத்துப் பெண், ஊரில் கைக்குழந்தை. என்னிடமிருந்துதான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கு மட்டும் அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. நீங்கள் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியதில்லை, முதல் நாளே சொல்லிவிட்டீர்கள்.

மாமியார் பயம் அடுத்தது. இந்த வீட்டில் ரொம்பப் பயப்படுகிறவர் அவர்தான், ஆனால் பயப்படக் காரணம் ரொம்பக் குறைவாக இருப்பவரும் அநேகமாக அவர்தான். சிக்குன்குனியா ஒருமுறை வந்து போனவருக்கு எதிர்ப்பு சக்தி பல காலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும் என்றுதான் இதுவரை கண்டிருக்கிறோம். 2006-ல் அவருக்கு வந்தது நிஜமாகவே சிக்குன்குனியா என்றால் இப்போது மறுபடி வர வாய்ப்பு மிகக் குறைவு. "என்றால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வருடம் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகப்பட்டார்கள், பெரும்பாலோருக்குப் பரிசோதனையே செய்யவில்லை. மூட்டு வலியோடு காய்ச்சல் வந்தால் அது என்று எழுதிக்கொண்டோம். இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சிக்குன்குனியா ஐ.ஜி.ஜி. என்று கேளுங்கள், முன்பு வந்து போயிருந்தால் காட்டிக்கொடுக்கிற பரிசோதனை அது. மாமனாரைப் பார்க்கிற மருத்துவமனையில் முடிந்தால் அங்கே, இல்லையென்றால் ஈரோடு போய்ச் செய்துகொள்ளட்டும். அதில் பாசிட்டிவ் என்று வந்தால் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.

19 வருட முட்டிவலி? அவரை நேரில் பார்க்காமல் சொல்லக்கூடாது. ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்களின் முட்டிவலியை எல்லாம் அந்த ஒரு காய்ச்சலின் கணக்கில் எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். என்னிடம் வருகிற பலருக்கு எக்ஸ்ரேயில் தெரிவது சாதாரணத் தேய்மானம்தான். ஊருக்குப் போனதும் ஒருமுறை காட்டட்டும்.

இப்போது ஓரகத்தி. உங்கள் கொழுந்தனின் பயம் அர்த்தமில்லாதது அல்ல. 2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. அங்கேதான் டாக்டர்கள் முதலில் தெளிவாகப் பார்த்தார்கள்: பிரசவ சமயத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால், சுமார் பாதிப் பிரசவங்களில் அது குழந்தைக்குப் போகிறது. பிறந்த சில நாளில் அந்தக் குழந்தைக்கு நோய் கடுமையாகவும் ஆகலாம். ஆக, பிரசவத்தை ஒட்டிய நாட்களில் அந்தப் பெண்ணைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 28 விமானம் ஏறும்போது மாமனாருக்குக் காய்ச்சல் தொடங்கிப் பதினேழு நாள் ஆகியிருக்கும். அவர் ரத்தத்தில் கொசுவுக்குக் கிடைக்க எதுவும் இருக்காது. மாமியாருக்கு ஏற்கெனவே வந்திருந்தால் அவரிடமும் இருக்காது. உங்கள் வீட்டு ஐந்து பேரில் ஈரோட்டுக்கு வைரஸைக் கொண்டுபோக வாய்ப்பு ரொம்பக் குறைவாக இருக்கிற இரண்டு பேர்தான் ஈரோட்டுக்குப் போகப் போகிறார்கள்! வளைகாப்பில் மாமியார் முதல் வளையலை அவரே போடட்டும். சந்தனம் பூசுவதால் எதுவும் வராது. மாமியாரின் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால் மட்டும் ஒரு சின்ன ஜாக்கிரதை. கடித்ததிலிருந்து காய்ச்சல் வர 12 நாள் வரை ஆகலாம், அதனால் செப்டம்பர் 9 வரை கொசுவிரட்டி பூசிக்கொள்ளட்டும், காய்ச்சல் வந்தால் அன்றே வலைக்குள் போய்விட்டு, "ஃபோஷானிலிருந்து வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லட்டும்.

இன்னொன்றையும் கொழுந்தனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சிக்குன்குனியா சீனாவிலிருந்து ஈரோட்டுக்கு வர வேண்டிய சரக்கே இல்லை. 1960-களிலேயே சென்னையிலும் வேலூரிலும் வந்துவிட்டுப் போனது, இப்போதும் ஆண்டுதோறும் இந்தியாவில் பலருக்கு வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடிப் பழைய டயரையும் சிமெண்ட் தொட்டியையும் அவர் ஒருமுறை பார்த்தால், உங்கள் மாமனாரை வரவிடாமல் தடுப்பதைவிட அந்தக் குழந்தைக்கு அது அதிகம் உதவும். வளைகாப்பு முடிந்ததும் ஓரகத்தி தாய்வீட்டுக்குப் போவாள் இல்லையா? அங்கே பகலில் அவள் படுக்கிற கட்டிலுக்கும் வலை கட்டச் சொல்லுங்கள்.

பகலில் என்று சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, கொசு மெஷினை மாட்டி, அத்தோடு கடமை முடிந்தது என்று இருப்பது நம் பழக்கம். உங்கள் ஊரில் இதைப் பரப்புவது ஆசியப் புலிக்கொசு, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டது. அது பகல் கொசு, விடிந்த பிறகும் இருட்டுவதற்கு முன்பும் ரொம்ப மும்முரமாக இருக்கும். மெஷினைப் பகலில் ஓட்டுங்கள். குழந்தைக்கு வெளியே போகும்போது டீட் அல்லது பிகாரிடின் உள்ள விரட்டியைப் பூசுங்கள், உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும் பூசவேண்டாம், கண்ணைத் தேய்த்துவிடுவாள்.

கறிவேப்பிலைத் தட்டு விஷயத்தில் குழுக்காரர்கள் செய்தது பாதி வேலை. தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. அது தட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற நாரால் தட்டை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள். அதே தளத்தில் யார் வீட்டிலாவது கண்ணாடிக் குடுவையில் நீர்மூங்கில் வைத்திருந்தால் அதுவும் இதே கதைதான். ஏரிகளில் புழு தின்னும் மீன் விட்டார்கள், தண்ணீரை அகற்றாதவர்களுக்கு 10,000 யுவான் வரை அபராதம் என்றார்கள், ட்ரோன் விட்டார்கள். எல்லாம் சரி, ஆனால் இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் பால்கனியிலோ பக்கத்து பால்கனியிலோ பிறந்தது.

மருத்துவமனையிலிருந்து வரும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் அறிக்கை, பணம் கட்டிய ரசீது மூன்றும் சிவப்பு முத்திரையோடு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடு இருந்தால் அவர்கள் உதவி எண்ணுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தாமதமாகச் சொன்னால் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். மாமாவுடைய சர்க்கரை மாத்திரையை எண்ணிப் பாருங்கள். பயணத்துக்கு எண்ணி எடுத்து வந்தது, நாள் தள்ளிப்போனால் போதாது. அந்த வெள்ளைக் கஞ்சி அவருக்குப் பிடித்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் குழைந்த அரிசிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். முட்டையோ டோஃபுவோ சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

28-ஆம் தேதி போக முடியுமா? பெரும்பாலும் முடியும். காய்ச்சல் போய்விடும், மூட்டு பின்தங்கும். பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கோவைக்கு நேர் விமானம் கிடையாது, நடுவில் இறங்கி மாறவேண்டும். விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிச் சக்கர நாற்காலி போட்டுவிடுங்கள். "நான் என்ன நோயாளியா" என்று அவர் முறைப்பார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்த பிறகு முறைப்பு தானே இறங்கிவிடும். தேதியை நகர்த்த வேண்டி வந்தால், விசா அனுமதித்த நாள் முடிவதற்கு ஏழு நாள் முன்பே குடிவரவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், கடைசி நாளில் ஓடவேண்டாம்.

குய்லினும் பெய்ஜிங்கும்: ரத்து செய்யுங்கள். தொற்றுக்குப் பயந்து சொல்லவில்லை. பெருஞ்சுவரில் ஏறக் கால் வேண்டும், இந்த மாதம் அவரிடம் அது இல்லை. ரயில் புறப்பட எட்டு நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் கட்டணப் பிடித்தம் கிடையாது, நாள் நெருங்க நெருங்க 5, 10, 20 சதவீதம் என்று ஏறும். பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதற்குப் பதில் ஷுண்டேயின் சிங்குய் தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். போகாதீர்கள். குளம், மூங்கில், நிழல் எல்லாம் இருக்கிற அழகான இடம், கொசுவுக்கும் அப்படித்தான் தோன்றும். மெட்ரோ ஏறி குவாங்சோ போய், ஏசி உள்ள அருங்காட்சியகத்தில் தாத்தாவை நாற்காலியில் வைத்து அவளையே தள்ளச் சொல்லுங்கள்.

"எல்லாம் என்னால்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஷுண்டேயில் முதல் நோயாளி தெரியவந்தது ஜூலை 8. மாமனார் மாமியார் ஏறியது ஜூலை 10. உங்களுக்கு முன்கூட்டித் தெரிய வழியே இல்லை, இது இவ்வளவு பெரிதாகும் என்று அந்த நகரத்துச் சுகாதாரத் துறைக்கே அப்போது தெரியவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது. ஊரிலிருந்து பெற்றவர்களை வரவழைத்துவிட்டால் அங்கே பெய்கிற மழைக்கும் தாங்களே பொறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மாமனாருக்கு இதே காய்ச்சல் பெருந்துறை ரோட்டிலும் வந்திருக்கலாம், அங்கே யாரும் அவருக்கு வலை கட்டியிருக்கமாட்டார்கள். மாமியாரிடம் இதை நேரடியாகச் சொல்லவேண்டாம். கணவரைச் சொல்லச் சொல்லுங்கள், அவர் மகன் சொன்னால் ஏறும்.

கடைசியாகக் கோழி. 2006-ல் ஊர் ஊராகக் கோழிக்கடைகள் காற்று வாங்கின. பெயரில் "சிக்கன்" இருக்கிறதே என்று ஜனங்கள் கோழியை ஒதுக்கினார்கள், சிலர் இன்னும் ஒதுக்குகிறார்கள். அது கோழியும் இல்லை, குனிவதும் நம் குனிவு இல்லை. 1952-ல் இன்றைய தான்சானியாவின் தெற்கில் இந்த நோயைக் கண்டபோது, மகொண்டே மொழி பேசுகிறவர்கள் வலியில் வளைந்து போவதைச் சொன்ன வார்த்தை அது. மாமா தாராளமாகச் சாப்பிடலாம். மருத்துவமனையில் விட்டால் மிளகு தூக்கலாக ஒரு ரசமாவது வைத்துக் கொண்டுபோங்கள், உப்புப் போட்டு.